பழைய ஸ்டீரியோ டூ-இன்-ஒன்: நம்பி வாங்கலாமா?

கேள்வி: கொடைக்கானல் நாயுடுபுரத்தில் வசிக்கிறேன். வீட்டைக் காலி செய்யும் ஒருவர், 1980களில் உறவினர் ஜப்பானிலிருந்து கொண்டுவந்த பெரிய ஸ்டீரியோ டூ-இன்-ஒன்னை (ரேடியோவும் கேசட் ரெக்கார்டரும் சேர்ந்த செட்) எட்டாயிரம் ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். கேசட் போட்டால் மோட்டார் சத்தம் கேட்கிறது, டேப் சுற்றவில்லை. ஸ்பீக்கரிலும் கரகரப்பு இருக்கிறது. பெல்ட் மாற்றினால் போதும் என்கிறார். வாங்கலாமா?

பதில்: பெல்ட் பற்றி அவர் சொல்வது பெரும்பாலும் சரியே. இத்தனை ஆண்டுகளில் ரப்பர் பெல்ட் தளர்ந்தோ, தார் போல உருகி, அது சுற்றும் சக்கரமான புல்லியில் ஒட்டிக்கொண்டோ இருக்கும். பிசினை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டுப் புது பெல்ட் போடுவது பெரிய செலவில்லை. ஆனால், நீங்கள் முதலில் பார்க்க வேண்டியவை டயலும் பின்பக்கமும்தான். ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக்கென்று தயாரான செட்டுகள் பலவற்றில் எஃப்.எம். டயல் 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 90இல் முடிந்துவிடும். உங்கள் ஊரின் கொடை பண்பலையோ 100.5இல் இருக்கிறது. அத்தகைய செட்டுக்கு மின்சாரமும் 100 வோல்ட்தான் என்பதால், நம் 230 வோல்ட் பிளக்கில் நேரடியாகச் செருகினால் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும். ஏற்றுமதி மாடலாக இருந்தால் பின்பக்கத்தில் வோல்டேஜ் மாற்றும் சுவிட்ச் பெரும்பாலும் இருக்கும். அது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்த பிறகே பிளக்கில் செருகுங்கள்.

ஆகவே சோதனைக்குப் பெரிய பேட்டரிகளையே எடுத்துச் செல்லுங்கள். பேட்டரி பெட்டியைத் திறந்ததும் ஸ்பிரிங்கில் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா என்று பாருங்கள். மேலாகப் படிந்திருந்தால் சுரண்டித் துடைத்துவிடலாம். கசிவு ஒயர் வழியே போர்டுக்குள் இறங்கியிருந்தால் விட்டுவிடுவதே நல்லது. பேட்டரியில் சுத்தமாகப் பாடி, கரண்டில் மட்டும் உறுமினால், பவர் சப்ளையின் கெப்பாசிட்டர் போய்விட்டது என்று கொள்ளலாம்.

கரகரப்பைக் கண்டு அதிகம் அஞ்ச வேண்டாம். மூடுபனி நுழையும் வீடுகளில் வால்யூம் கன்ட்ரோலும் ரெக்கார்டு சுவிட்சும் களிம்பேறுவது வழக்கம். ஒரு பக்க ஸ்பீக்கர் ஊமையாக இருந்தாலும், உதவாத கேசட் ஒன்றைப் போட்டு ரெக்கார்டு பட்டனைப் பலமுறை அழுத்தி விடுவித்தால் உயிர் வருவதுண்டு. கெட்டியாகாத கான்டாக்ட் கிளீனர் அடித்தால் இன்னும் நல்லது. ஸ்பீக்கர் கூம்பின் காகிதத்தில் பூஞ்சை அரித்திருக்கிறதா என்பதையும் வலைக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

டேப்பில் உள்ள ஒலியைப் படிக்கும் ஹெட்டின் முகத்தில் நகத்தை மெல்ல ஓட்டுங்கள்; பள்ளம் தட்டுப்பட்டால் அது தேய்ந்துவிட்டது. அந்த மாடலுக்குப் பொருந்தும் ஹெட் கிடைப்பது அரிது என்பதால், இதை வைத்துத்தான் நான் விலை பேசுவேன். டேப்பை அழுத்தி நகர்த்தும் ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலர் கண்ணாடிபோல் இறுகியிருந்தால் டேப்பைச் சவைக்கும், ஆனால் அது மாற்றக்கூடியதே.

ஓடாத கேசட் பகுதியுடன் எட்டாயிரம் கேட்பது அதிகம். டயல் 108 வரை சென்று, ஹெட்டும் நன்றாக இருந்தால், பாதி விலையிலிருந்து பேரத்தைத் தொடங்குங்கள். டயல் 90இல் நின்றால் அதை ரேடியோ என்று கணக்கில் சேர்க்காமல் விலை சொல்லுங்கள்.