அப்பா செய்வது பிடிவாதம் இல்லை, தங்கச்சி

சதையியில், அதாவது கணையத்தில், புற்றுநோய் என்று தெரிந்ததிலிருந்து அப்பா தட்டைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்தபடி படுத்திருக்கிறார், லயத்தில் எல்லோரும் "மனச விட்டுட்டார்" என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அப்படி நினைக்காதீர்கள் தங்கச்சி.

இந்த நோய் உடம்பெங்கும் அழற்சியைக் கிளப்பிவிடும். அந்த அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-6 போன்ற பொருட்கள் இரத்தத்தில் கூடினால் பசி அடங்கும், தசை கரையும், எழும்பவே முடியாத களைப்பு வரும். மனச்சோர்விலும் அவற்றுக்குப் பங்கு உண்டு என்று கருதுகிறார்கள். சிலருக்கு நோய் பிடிபடும் முன்பே மனம் சோர்ந்துவிடுகிறது.

எங்கள் மாமாவுக்கும் இதேதான். சாரத்தை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினாலும் நழுவும். அத்தை ரொட்டியும் சம்பலும் வைத்துக் கெஞ்சக் கெஞ்ச அவர் இன்னும் ஒடுங்கிப்போனார். வற்புறுத்தாமல், சின்னக் கிண்ணத்தில் அடிக்கடி கொடுங்கள்.

மலம் எண்ணெய்ப் பசையாக மிதக்கிறதா என்று கேளுங்கள்; கூச்சத்தில் தானாகச் சொல்லமாட்டார். அப்படியென்றால் கொழுப்புச் சரியாகச் செரிக்காமல் இருக்கலாம்; செரிக்க உதவும் நொதிய மாத்திரை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அதைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும். சுடச்சுடத் தேத்தண்ணியோடு வேண்டாம், சூடு நொதியத்தைக் கெடுத்துவிடும்.

அப்புறம், அடுத்த கிளினிக்கில் மனச்சோர்வையும் வாய்விட்டுச் சொல்லுங்கள், அதற்கும் மருந்து உண்டு. "செத்தால் போதும்" என்று சொன்னாலோ, கண் மஞ்சளாகிக் காய்ச்சல் வந்தாலோ கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இலங்கையில் மனநல உதவிக்கு 1926 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். நீங்களும் அழைக்கலாம், தங்கச்சி.