'பெனிஃபிட்ஸ்', 'பெனிஃபிட்ஸ் ஃப்ரம்': வளவு வீட்டுப் பலகைக்கு எது சரி?

வளவு வீட்டுக்கு, அதாவது நடுவில் முற்றம் உள்ள செட்டிநாட்டு வீட்டுக்கு, ஆங்கிலத்தில் பலகை எழுதுகிறீர்கள். முற்றத்தால் அறைகளுக்கு நன்மை என்று சொல்ல நினைத்து 'தி கோர்ட்யார்ட் பெனிஃபிட்ஸ் ஃப்ரம் தி ரூம்ஸ்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் 'ஃப்ரம்'மை எடுத்துவிடுங்கள், போதும். 'தி கோர்ட்யார்ட் பெனிஃபிட்ஸ் தி ரூம்ஸ்' என்றால் முற்றம் அறைகளுக்கு நன்மை செய்கிறது. நீங்கள் எழுதியிருக்கும் 'பெனிஃபிட்ஸ் ஃப்ரம் தி ரூம்ஸ்' அதைத் தலைகீழாக்கி, அறைகளால் முற்றம் பயன்பெறுவதாகச் சொல்கிறது.

தமிழில் 'முற்றத்தால் அறைகளுக்கு நன்மை', 'அறைகளுக்கு முற்றத்தால் நன்மை' இரண்டும் ஒன்றுதான். வேற்றுமை உருபு பார்த்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் சொல் நிற்கும் இடம்தான் பொருளை முடிவு செய்யும். குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் வருகிறது.

சோதிக்க, அந்த இடத்தில் தமிழை வைத்துப் பாருங்கள். 'பயன் தருகிறது' பொருந்தினால் 'ஃப்ரம்' வேண்டாம். 'பயன் பெறுகிறது' பொருந்தினால் கட்டாயம் வேண்டும். காரைக்குடிப் பக்கம் வரும் விருந்தாளிக்கு 'தி ரூம்ஸ் பெனிஃபிட் ஃப்ரம் தி கோர்ட்யார்ட்' இன்னும் இயல்பாகப் படும். அறைதானே அவர் தங்கும் இடம்.

'பெனிஃபிஷியல்' போட்டால், பயன் பெறுபவருக்கு முன்னால் 'டு' வரும்: 'பெனிஃபிஷியல் டு ஹெல்த்'. இறந்தகாலத்தில் 'பெனிஃபிட்டட்' எழுதும்போது நடுவில் ஒற்றை 'டி' போடுவதே பெருவழக்கு. இரட்டை 'டி'யும் அகராதிகளில் உண்டு, ஆகவே பலகை எழுதுபவரோடு அதற்காகச் சண்டை வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: இந்தச் சொல் பலன் உண்டு என்று மட்டும் சொல்லும், என்ன பலன் என்று சொல்லாது. முற்றம் வழியே வெளிச்சம் இறங்குகிறது, சூடான காற்று மேலே ஏறி வெளியேறுகிறது என்பதை அடுத்த வரியில் அவசியம் எழுதுங்கள். படிப்பவருக்கு வேண்டியது அந்த வரிதான்.