டெக்சாஸ் குளிரில் தண்ணீர்க் குழாய்கள்: கேள்வி பதில்

2021 பிப்ரவரி 16 அன்று டாலஸ் விமான நிலையத்தில் பூஜ்யத்துக்கும் கீழே 2 டிகிரி ஃபாரன்ஹீட் வரை குளிர் இறங்கியது. அந்த வாரம் பைப் வெடித்து, சீலிங் இடிந்து, வீட்டுக்குள் தண்ணீர் கொட்டியதை நம்மில் பலர் பார்த்தோம். குளிர் வருமுன் நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில் இதோ.

அண்ணா, அட்டிக்கில் (கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே உள்ள இடம்) இருக்கும் பைப்புக்கு ஃபோம் உறை போட்டால் போதுமா? (ஃபிரிஸ்கோ)

கட்டாயம் போடுங்கள், ஆனால் அது மட்டும் போதாது. உறை சூட்டைத் தராது. இருக்கிற சூடு போவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். ஓடாமல் நிற்கும் தண்ணீர் நீண்ட குளிரில் உறைக்குள்ளேயே கட்டியாகிவிடும். பஞ்சு இன்சுலேஷனைப் பைப்புக்கு மேலே போர்த்துங்கள். பைப்புக்கும் சீலிங்குக்கும் நடுவே திணித்தால், வீட்டிலிருந்து ஏறிவரும் சூட்டை நாமே தடுத்த மாதிரி ஆகிவிடும்.

ஃபோம் வாங்கும்போது அளவைப் பாருங்கள். முக்கால் அங்குலச் செம்புப் பைப்பின் வெளிவிட்டம் உண்மையில் 7/8 அங்குலம். முழங்கை வளைவுகளில் ஃபோமைச் சாய்வாக வெட்டிப் பொருத்தி டேப் ஒட்டுங்கள். பலர் விட்டுவிடும் இடம் அதுதான்.

குழாயைச் சொட்டவிடச் சொல்கிறார்களே, எதற்கு? (ஆஸ்டின்)

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது. பைப்புக்குள் உறைந்த பனிக்கட்டிக்கும் மூடிய குழாய்க்கும் நடுவே மாட்டிக்கொண்ட தண்ணீரில் அழுத்தம் ஏறுகிறது. அதனால் பைப் பெரும்பாலும் கட்டி இல்லாத இடத்தில்தான் பிளக்கும். குழாய் கொஞ்சம் திறந்திருந்தால் அந்த அழுத்தம் வெளியேறிவிடும். வெளிச்சுவரை ஒட்டிய குழாய்களில் சூடு, குளிர் இரண்டையும் சொட்டவிடுங்கள். சிங்க் கீழுள்ள அலமாரிக் கதவுகளும் திறந்திருக்கட்டும்.

பைப்பைச் சூடாக வைக்கும் மின்கம்பியான ஹீட் கேபிள் சுற்றலாமா சார்? (ஹூஸ்டன்)

சுற்றலாம். உங்கள் பைப் பிளாஸ்டிக் என்றால் அதற்கு ஏற்றதா என்று கவரில் பாருங்கள். ஒரு சுற்றின் மேல் இன்னொரு சுற்று ஏறக் கூடாது, தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. ஆனால் 2021-இல் நடந்த மாதிரி கரண்ட் போனால் கேபிளால் பயனில்லை. சுவரில் மாட்டிய டேங்க்லெஸ் (தொட்டி இல்லாத) வாட்டர் ஹீட்டரின் உறைபனிப் பாதுகாப்புக்கும் கரண்ட் வேண்டும். நீண்ட மின்தடை வரும் போலிருந்தால், வீட்டுக்கு வரும் தண்ணீர் முழுவதையும் நிறுத்தும் மெயின் வால்வை மூடி, எல்லாக் குழாயையும் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறோம், வீடு பூட்டியிருக்கும். (பிளேனோ)

மேலே சொன்னதுபோல் மெயினை மூடி வடித்துவிடுங்கள். தெர்மோஸ்டாட்டை 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறக்காதீர்கள். தோட்டத்து ஹோஸைக் கழற்றி, அந்தக் குழாய்க்கு மூடி போடுங்கள்.

காலையில் குழாயில் தண்ணீரே வரவில்லை என்றால்? (டாலஸ்)

முதலில் மெயின் வால்வு எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள்; சாலையோர மீட்டர் பெட்டியைத் திறக்கும் சாவியும் கையில் இருக்கட்டும். அந்தக் குழாயைத் திறந்து வைத்து, குழாய்ப் பக்கமிருந்து ஆரம்பித்து உறைந்த இடத்தை நோக்கி ஹேர் டிரையரால் சூடு காட்டுங்கள். நெருப்பு வேண்டவே வேண்டாம். பைப் சுவருக்குள் இருந்தாலோ, எங்காவது ஈரம் தெரிந்தாலோ, மெயினை மூடிவிட்டு பிளம்பரைக் கூப்பிடுங்கள். வெடிப்பு இருந்தால் கட்டி உருகிய பிறகுதான் தண்ணீர் பீறிடும்.