பிரிட்டன் மாணவர் விசா: பணம் எவ்வளவு, எத்தனை நாள்?

கேள்வி: என் மகளுக்கு இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் எம்.எஸ்சி. படிக்க இடம் கிடைத்துள்ளது. எங்களிடம் விவசாய நிலம், ஒரு வீடு, கொஞ்சம் நகை உண்டு. வங்கியில் ரொக்கம் குறைவு. சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பியின் கணக்கைக் காட்டலாமா? கன்சல்டன்சிக்காரர் ஒருவர், “பணத்தை நாங்களே உங்கள் கணக்கில் போட்டு வைத்து, விசா வந்ததும் எடுத்துக்கொள்கிறோம், வட்டி மட்டும் கொடுங்கள்” என்கிறார். சம்மதிக்கலாமா?
– வாசகர், முசிறி

பதில்: சம்மதிக்காதீர்கள். விசா கிடைத்த மறுநாளே எடுக்கப்படும் பணம் உங்கள் மகளின் படிப்புக்கான பணமே அல்ல. வங்கியைத் தொடர்புகொண்டு ஆவணங்களைச் சரிபார்ப்பது விசா அதிகாரிகளின் வழக்கம். ஏமாற்று நடந்தது என்று அவர்கள் முடிவு செய்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதோடு, பத்தாண்டு வரை பிரிட்டனுக்குள் நுழையத் தடையும் வரலாம். அந்தத் தடை கன்சல்டன்சிக்காரர் மீது அல்ல, உங்கள் மகளின் பாஸ்போர்ட் மீது விழும்.

தம்பியின் கணக்கும் உதவாது. பணம் மாணவியின் பெயரிலோ, பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலர் பெயரிலோ இருக்க வேண்டும். சித்தப்பா, மாமா, தாத்தா எவ்வளவு நெருக்கமானவர்களாக இருந்தாலும் விதி அவர்களை ஏற்பதில்லை. தம்பி மனமுவந்து உதவினால், அந்தத் தொகையை முன்கூட்டியே உங்கள் கணக்குக்கு அனுப்பி, நன்கொடை என்று ஒரு கடிதமும் எழுதித் தரட்டும்.

எவ்வளவு வேண்டும் என்பதைக் கணக்கிடுவது எளிது. பல்கலைக்கழகம் தரும் சேர்க்கை உறுதிச் சான்றில், அதாவது மாணவர்கள் ‘காஸ்’ என்று சொல்லும் ஆவணத்தில், முதலாண்டுக் கட்டணமும் நீங்கள் ஏற்கெனவே செலுத்திய தொகையும் குறிக்கப்பட்டிருக்கும். மீதிக் கட்டணத்துடன் ஒன்பது மாத வாழ்க்கைச் செலவைக் கூட்டுங்கள். 2025 நவம்பர் 11 முதல் இது லண்டனுக்கு மாதம் 1,529 பவுண்டு, பிற இடங்களுக்கு 1,171 பவுண்டு. லீட்ஸுக்கு ஒன்பது மாதத்துக்கு 10,539 பவுண்டு ஆகிறது. கட்டணம் 18,500 பவுண்டு என்றும் அதில் 5,000 கட்டிவிட்டீர்கள் என்றும் வைத்துக்கொண்டால், காட்ட வேண்டியது 24,039 பவுண்டு. ரூபாயின் மதிப்பு நாளுக்கு நாள் மாறுவதால், இதற்கு மேல் இரண்டு மூன்று லட்சம் ரூபாய் கூடுதலாக இருப்பது நல்லது.

நிராகரிப்புகள் அதிகம் நேர்வது தொகையில் அல்ல, நாள் கணக்கில்தான். அந்தத் தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். 28 நாள் முடியும் தேதியிலிருந்து 31 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஜூன் 3 அன்று பணம் சேர்ந்தால் ஜூன் 30 வரையிலான கணக்கு அறிக்கையை வாங்கி, ஜூலை 31-க்குள் விண்ணப்பிக்கலாம். இடையில் ஒரே ஒரு நாள், இன்சூரன்ஸ் பிரீமியமோ கடன் தவணையோ தானாகக் கழிந்து இருப்பு குறைந்தாலும், எண்ணிக்கை மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். எனவே அந்தக் கணக்கிலுள்ள தானியங்கித் தவணைகளை முதலிலேயே வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.

நிலப் பத்திரத்தையும் நகை மதிப்பீட்டையும் விசாவுக்கான பணமாக ஏற்கமாட்டார்கள். ஆனால் நகைக்கடன் வாங்கி, அந்தப் பணத்தைக் கணக்கில் வைத்து, ரசீதைப் பத்திரப்படுத்தலாம். அதைவிட நல்ல வழி, மகளின் பெயரில் வங்கிக் கல்விக் கடன். விவசாய நிலத்தைப் பல வங்கிகள் ஈடாக ஏற்பதில்லை என்பதால், வீட்டுப் பத்திரத்துடன் கிளை மேலாளரைப் பாருங்கள். கல்விக் கடனுக்கு 28 நாள் காத்திருப்பு கிடையாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட தேதியுடன் கூடிய அனுமதிக் கடிதம் போதும். விசா கிடைக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நிபந்தனை எதுவும் அக்கடிதத்தில் இல்லாதவாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணக்கைக் காட்டுவதாக இருந்தால் மகளின் பிறப்புச் சான்றிதழும், நீங்கள் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் வேண்டும். நம் ஊர்களில் பழைய பிறப்புச் சான்றிதழ் பலவற்றில் குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். தந்தை பெயரில் முதலெழுத்து ஒருவிதமாகவும் பாஸ்போர்ட்டில் வேறுவிதமாகவும் இருக்கும். இன்றே எடுத்துப் பாருங்கள். குறை இருந்தால், சான்றிதழ் வழங்கிய அலுவலகத்தில் பெயர் சேர்க்கவும் திருத்தவும் நாளாகும்.

காசநோய்ப் பரிசோதனையையும் தள்ளிப்போடாதீர்கள். பிரிட்டன் அரசு அங்கீகரித்த மையத்தில் மட்டுமே அதைச் செய்ய வேண்டும்; சான்றிதழ் ஆறு மாதம் செல்லும். எக்ஸ்ரேயில் சந்தேகம் எழுந்தால் சளிப் பரிசோதனை கேட்பார்கள். அதன் முடிவுக்கு இரண்டு மாதம் வரை ஆகலாம்.

கேள்வி: கடந்த ஆண்டு எனக்குக் கனடா மாணவர் விசா மறுக்கப்பட்டது. இப்போது பிரிட்டனுக்கு விண்ணப்பிக்கிறேன். அதைக் குறிப்பிட்டால் வாய்ப்புக் கெடும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். நேர்காணலுக்கும் அழைப்பார்களா?
– மாணவர், நாகர்கோவில்

பதில்: கட்டாயம் குறிப்பிடுங்கள். விண்ணப்பப் படிவமே வேறு நாடுகளில் விசா மறுக்கப்பட்டதா என்று கேட்கிறது. பிரிட்டனும் கனடாவும் குடியேற்றத் தகவல்களைப் பகிர்ந்துகொள்ளும் நாடுகள். ஒரு மறுப்பு மட்டும் உங்கள் விண்ணப்பத்தைக் கெடுத்துவிடாது. மறைத்தது தெரியவந்தால் கெடும். மறுப்புக் கடிதத்தை இணைத்து, அதில் சொல்லப்பட்ட காரணம் இப்போது எப்படிச் சரிசெய்யப்பட்டுள்ளது என்பதை நான்கைந்து வரிகளில் எழுதுங்கள்.

நேர்காணல் எல்லோருக்கும் இல்லை. அழைத்தால் காணொளி வழியாக நடக்கும். இந்தப் படிப்பு எதற்கு, ஏன் இந்தப் பல்கலைக்கழகம், என்ன பாடங்கள், எங்கே தங்குவீர்கள், செலவு யார் செய்வது என்பவைதாம் கேள்விகள். கன்சல்டன்சியில் தரும் மனப்பாடப் பதில்களைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒரே வாசகத்தை நூறு மாணவர்களிடம் கேட்ட அதிகாரி அதை நொடியில் கண்டுகொள்வார். பல்கலைக்கழக இணையதளத்தில் உங்கள் படிப்பின் பாடப்பட்டியலை நீங்களே படித்து, எந்தப் பாடம் உங்கள் இளங்கலைப் படிப்பின் தொடர்ச்சி, எது புதியது என்று உங்கள் வார்த்தையில் சொல்லிப் பழகுங்கள். ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை, விஷயம் உங்களுடையதாக இருக்க வேண்டும்.

கேள்வி: ஓராண்டு எம்.எஸ்சி. படிக்கச் செல்லும்போது கணவரையும் குழந்தையையும் உடன் அழைத்துச் செல்ல முடியுமா?
– வாசகி, மதுரை

பதில்: முடியாது. 2024 ஜனவரி முதல் தொடங்கும் படிப்புகளுக்கு, பி.எச்டி. போன்ற ஆராய்ச்சிப் பட்ட மாணவர்களும் அரசு உதவித்தொகையில் செல்பவர்களும் மட்டுமே குடும்பத்தை அழைத்துச் செல்லலாம். போய்ச் சேர்ந்த பிறகு ஏற்பாடு செய்து தருவதாக யாராவது சொன்னால் முன்பணம் கொடுக்காதீர்கள்.