செட்டும் உடையும் ஒரே கையில்: மரியா பியோர்ன்சன் பற்றிக் கேள்வி பதில்

லண்டனில் 1986-இல் அரங்கேறிய ‘ஃபேண்டம் ஆஃப் தி ஓபரா’ இசை நாடகத்துக்கு அரங்க அமைப்பு, உடை இரண்டையும் வடிவமைத்தவர் மரியா பியோர்ன்சன். பாரிஸின் ஓபரா (பாடியே நடிக்கும் நாடகம்) மாளிகைக்கு அடியில், நிலத்தடி ஏரிக்கரையில் ஒளிந்து வாழும் முகமூடி மனிதனின் கதை அது. பியோர்ன்சனைப் பற்றியும் இந்தத் தொழிலைப் பற்றியும் வந்த கேள்விகளும் என் பதில்களும்:

செட் போடுகிறவரே துணிமணியும் பார்ப்பாரா? இரண்டுக்கும் வேறு வேறு ஆள் இல்லையா?

பிரிட்டனில் பெரும்பாலும் ஒருவரேதான். அமெரிக்காவில் தனித்தனி ஆள் வைப்பது வழக்கம். ஒரே ஆள் செய்வதில் என்ன லாபம் என்று தெரிய, அந்த நாடகத்தின் மாறுவேட விருந்துக் காட்சியைப் பாருங்கள். படிக்கட்டு முழுக்கக் கூட்டம். அதில் பலர் மனிதர்களே இல்லை, உடை மாட்டிய பொம்மைகள். நடிகர்களுக்கு நடுவே நிற்பதால் கண் ஏமாந்துவிடும். அந்தப் பொம்மை செட்டா, உடையா? இரண்டு பேர் இருந்திருந்தால் யார் பொறுப்பு என்பதிலேயே ஒரு வாரம் போயிருக்கும்.

எடுத்ததுமே அவ்வளவு பெரிய வாய்ப்பா?

இல்லை. 1949-இல் பாரிஸில் பிறந்து லண்டனில் வளர்ந்தவர். அங்கே சென்ட்ரல் கலைப் பள்ளியில் அரங்க வடிவமைப்பாளர் ரால்ஃப் கொல்டாயிடம் படித்தார். அப்புறம் கிளாஸ்கோவின் சிட்டிசன்ஸ் தியேட்டர். குறைந்த காசில் ஆடம்பரம் காட்டத் தெரிந்த இடம் அது. பிறகு வேல்ஸ், ஸ்காட்லாந்து ஓபராக் குழுக்களில் செக் இசையமைப்பாளர் யனாச்செக்கின் ஓபராக்கள்.

சரவிளக்கு விழும் காட்சிக்கே பாதிச் செலவு போயிருக்குமோ?

எல்லாரும் விளக்கைத்தான் கேட்கிறார்கள். நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் தொங்கியது ஒரு டன் எடை, 6,000 பாசிமணிகள். சரி, பிரமாதம்தான். எனக்கென்னவோ அவர் விட்டுவைத்த இருட்டுதான் பெரிதாகப் படுகிறது. மேடை பெரும்பாலும் கறுப்பு. கனத்த திரைகள், ஒரு படகு, தரையிலிருந்து எழும் மெழுகுவத்திகள், புகை. நிலத்தடி ஏரி என்று நாம் நம்புவது இவ்வளவுதான். தண்ணீரைப் பார்வையாளரே ஊற்றிக்கொள்கிறார்கள். ஓபரா மாளிகையை முழுசாகக் கட்டியிருந்தால் அத்தனை காட்சி மாற்றத்துக்கும் இடமே இருந்திருக்காது.

அரை முகமூடி ஏன்?

இந்த நாடகத்துக்கு மூலமான நாவலில் நாயகனுக்கு முழு முகமூடிதான். ஆனால் இங்கே நடிகர் இரவுதோறும் பாட வேண்டும். வாய் மூடாமல் இருந்தால்தான் பாட்டு எடுபடும், பாதி முகமாவது தெரிந்தால்தான் முகபாவம் தெரியும். போஸ்டரில் மட்டும் இரண்டு கண்ணும் உள்ள முகமூடியே இன்றுவரை இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா?

எனக்குப் படம் சுமாராகத்தான் வரையவரும். இந்தத் தொழிலுக்கு வரலாமா?

வரலாம். ஆனால் மாடல், அதாவது மேடையின் சிறிய மாதிரியை ஒரு பெட்டிக்குள் செய்யக் கற்றுக்கொள்ளுங்கள். பிரிட்டனில் 1:25 அளவு. 6 மீட்டர் படிக்கட்டு அதில் 24 சென்டிமீட்டர். இயக்குநர், தச்சர், விளக்கு அமைப்பவர் எல்லாரும் அந்தப் பெட்டியைச் சுற்றி நின்றுதான் பேசுவார்கள். உடை விஷயத்தில், துணியைத் தொட்டுப் பழகுங்கள். மேடை வெளிச்சத்தில் எது மினுங்கும், எது மங்கிக் கிடக்கும், ஆடும்போது எது காலில் சுற்றும் என்பது காகிதத்தில் தெரியாது.

வருமானம்?

பெரும்பாலும் ஒரு நாடகத்துக்கு இவ்வளவு என்று பேசி, தவணையாகத் தருவார்கள். அதனால் ஒரே சமயத்தில் இரண்டு மூன்று நாடகங்களை ஓட்டுவது சகஜம். வணிக நாடகம் நீண்ட நாள் ஓடி, ஒப்பந்தத்தில் ராயல்டியும் (நாடகம் ஓடும்வரை வரும் பங்குத்தொகை) இருந்தால் கையில் காசு நிற்கும். ஃபேண்டம் பிராட்வேயில் 1988 முதல் 2023 வரை 13,981 முறை நடந்தது. 1988-இல் செட்டுக்கு ஒன்று, உடைக்கு ஒன்று என அமெரிக்க நாடக விருதான டோனியை இரண்டு வாங்கிய பியோர்ன்சன், 2002-இல் காலமானார். எந்த நாடகம் இப்படி ஓடும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ராயல்டியைக் கையெழுத்துக்கு முன்னாலேயே பேசிவிடுங்கள்.