மூன்றாவது முறை வேண்டாம்

இரண்டு முறை நுழைவுத் தேர்வு எழுதியும் மருத்துவ இடம் கிடைக்கவில்லை, மகளை இன்னொரு வருடம் பயிற்சி மையத்துக்கு அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், அம்மா. கடிதத்தின் ஓரத்தில், "பாட்டிக்கு டிமென்ஷியா, இவள் சொன்னால்தான் குளிக்கிறார்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். நினைவும் சிந்தனையும் மெல்ல மெல்லக் குன்றும் நிலைதான் டிமென்ஷியா. எனக்கு அந்த வரிதான் முக்கியம்.

அனுப்ப வேண்டாம். டாக்டர் பட்டம் சித்தப்பாவின் ஆசை. உங்கள் மகள் அதைக் கேட்டதாகக் கடிதத்தில் எங்குமே இல்லை.

ஆக்குபேஷனல் தெரபி பட்டப்படிப்பைப் பாருங்கள். பிசியோதெரபி மூட்டையும் தசையையும் பார்க்கும். ஆக்குபேஷனல் தெரபி, இருக்கிற உடம்பையும் நினைவையும் வைத்து ஒருவர் குளிக்க, உடுத்த, சாப்பிட வழி செய்யும். உலகில் 5.5 கோடிக்கும் மேற்பட்டோருக்கு டிமென்ஷியா. ஆண்டுக்கு ஏறக்குறைய 1 கோடிப் பேர் புதிதாகச் சேர்கிறார்கள். புதிய ஆன்டிபாடி மருந்துகளும், டிமென்ஷியாவுக்கு முக்கியக் காரணமான அல்சைமர் நோயின் தொடக்க நிலையில் சரிவைக் கொஞ்சம் மெதுவாக்குமே தவிர நிறுத்தாது. பெரும்பாலானோரை வீட்டில்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

வேலை எப்படியிருக்கும்? குளியலறையையே எடுத்துக்கொள்ளுங்கள். வாசலில் கிடக்கும் கறுப்பு மிதியடி சிலருக்குப் பள்ளமாகத் தெரியும். காலை வைக்க மாட்டார்கள். வீட்டார் அதைப் பிடிவாதம் என்பார்கள். தெரபிஸ்ட் மிதியடியை எடுத்துவிடுவார். வெள்ளைச் சுவரில் வெள்ளைக் கைப்பிடி கண்ணில் படாது, அடர்நிறம் வேண்டும். துண்டுக் கம்பியைப் பிடித்து எழுந்தால் கம்பியோடு விழ வேண்டியதுதான். சுவரில் ஆழமாகத் திருகிய கைப்பிடிதான் எடை தாங்கும். தண்ணீரைத் தலையில் ஊற்றினால் பயந்துபோவார், பாதத்தில் தொடங்க வேண்டும். "குளித்துவிட்டு வாங்க" என்பதற்குள் பத்து வேலை இருக்கிறது. "உட்காருங்க", "கையை நீட்டுங்க" என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். சோப்பை அவர் கையில் கொடுத்து, அடியில் நம் கையை வைத்து அசைவைத் தொடங்கிவிட்டால், பழகிய கை பல நேரம் மீதியைத் தானே செய்துவிடும். ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் கூடினால் நோய் முற்றிவிட்டது என்று விடக் கூடாது. சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

இதற்குப் பலன் உண்டா என்றால், உண்டு. நெதர்லாந்தில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், 5 வாரங்களில் 10 முறை வீட்டுக்குப் போய் நோயாளிக்கும் பார்த்துக்கொள்பவருக்கும் சேர்த்தே சிகிச்சை தந்தார்கள். நோயாளியின் அன்றாடத் திறன் கூடியது. பார்த்துக்கொள்பவருக்கும் 'என்னால் முடியும்' என்ற தைரியம் வந்தது.

சேரும் முன் அங்கீகாரத்தைப் பாருங்கள். உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் கூட்டமைப்பு குறைந்தது 1,000 மணி நேரக் களப்பயிற்சி கேட்கிறது. அதில் முதியோருடன் எத்தனை மணி நேரம், வீடுகளில் எத்தனை என்று கல்லூரியில் நேராகக் கேளுங்கள். மழுப்பினால் அடுத்த கல்லூரி. சில வார 'முதியோர் பராமரிப்பு' சான்றிதழ் வேறு, இது வேறு. படித்து முடித்ததும் தனியாக வீடு வீடாகப் போக வேண்டாம். சந்தேகம் கேட்க மூத்தவர்கள் இருக்கும் இடத்தில் முதல் இரண்டு வருடம் இருக்கட்டும். வீட்டுக்கு வீடு பயணிக்கும் நேரத்துக்குச் சம்பளம் உண்டா என்பதையும் வேலையில் சேரும்போதே எழுத்தில் வாங்க வேண்டும். பலர் ஏமாறுவது இங்கேதான்.

வீட்டை அடகு வைத்து இதையும் படிக்க வைக்காதீர்கள். தொடக்கச் சம்பளத்தில் கடன் தவணை போக வாழ்க்கைக்கு மிஞ்சாது என்றால் அந்தக் கல்லூரி வேண்டாம். சித்தப்பா மறுத்துப் பேசினால், கட்டணத்தில் பாதி தருகிறாரா என்று கேளுங்கள்.

பாட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்தது என்று இந்தப் படிப்பில் சேர்க்காதீர்கள், அம்மா. குளியல் பொறுப்பை இந்த வாரமே வீட்டில் இன்னொருவருக்கும் பழக்குங்கள். மகள் இரண்டு வாரம் ஒரு தெரபிஸ்டோடு போய்ப் பார்க்கட்டும். திரும்பி வந்து வேண்டாம் என்றால், ஏன் என்று ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள்.