தோட்டம் கேள்வி - பதில்: தெருவிளக்கடியில் சாமந்தி

கேள்வி: பொங்கலுக்கு வாங்கிய மஞ்சள் சாமந்தித் தொட்டியை கேட் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். பகலில் நல்ல வெயில், இரவில் தெருவிளக்கு, வெளிச்சத்துக்குக் குறையே இல்லை. செடியும் தளதளவென்று வளர்ந்திருக்கிறது. ஆனால் கார்த்திகை பிறந்தும் ஒரு மொட்டைக் காணோம். என்ன உரம் போடலாம்?
- வாசகி, தாம்பரம்

பதில்: உரமெல்லாம் வேண்டாம் அம்மா, தொட்டியைத் தூக்கிக் கொல்லைப்பக்கம் வையுங்கள். குற்றவாளி அந்தத் தெருவிளக்குதான்.

சாமந்தி, இரவின் நீளம் பார்த்துப் பூக்கிற செடி. உங்கள் ஊர்ப் பக்கம் ஜூனில் பகல் கிட்டத்தட்ட 13 மணி நேரம். டிசம்பரில் 11 மணி 20 நிமிடத்துக்குச் சுருங்கிவிடும். இரவு நீண்டால்தான் இது மொட்டு கட்டும். நடுவில் விளக்கு எரிந்தால் கணக்குக் குழம்பி, இன்னும் கோடைதான் என்று இலையாக விட்டுக்கொண்டிருக்கும். ஓசூர் பக்கம் பசுமைக்குடில்காரர்கள் இதை வேண்டுமென்றே செய்கிறார்கள். காம்பு நீளும்வரை இரவில் பல்பு போட்டுப் பூக்கவிடாமல் நிறுத்தி, அப்புறம் அணைத்துவிடுவார்கள்.

இருட்டை அளப்பது இலை. 1930களில் சோவியத் விஞ்ஞானி மிகயில் சைலாக்யான், சாமந்தியின் மேல்பாதி இலைகளை உருவிவிட்டு, கீழ் இலைகளுக்கு மட்டும் நீண்ட இரவைக் கொடுத்தார். வெளிச்சத்திலேயே இருந்த, இலையில்லாத நுனி பூத்தது! இலையிலிருந்து ஏதோ ஒன்று நுனிக்கு ஏறிப் போகிறது என்றார்.

இருட்டான இடம் கிடைக்காவிட்டால், மாலை ஆறு மணிக்கு ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, காலை ஏழுக்கு எடுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் என்று ஏமாற்றக் கூடாது. மூன்று நான்கு வாரத்தில் மொட்டு தெரியும். இனி நுனி கிள்ளாதீர்கள்.

கேள்வி: வீட்டு மல்லிக்குக் கவாத்து எப்போது? வெட்ட மனசே வரவில்லை.
- வாசகர், திண்டுக்கல்

பதில்: நவம்பர் கடைசி வாரம். மல்லி புதுத்தளிரில்தான் மொட்டு வைக்கும், பழைய குச்சிக்கு இரக்கப்பட்டுப் பயனில்லை. தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டி, மிச்ச இலைகளையும் உருவி, தொழுவுரம் போட்டுத் தண்ணீர் விடுங்கள். மார்ச்சில் பூக்கத் தொடங்கும். மார்கழிக்கு மல்லி வேண்டுமென்றால் பூக்கடைக்குத்தான் போக வேண்டும். விலையைக் கேட்டுவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.